விருந்தாளிப் பங்கு

“ஒரு பெரிய நாடு மூட்டை முடிச்சைக் கட்டிக்கிட்டு இந்தத் தீவை விட்டுக் கிளம்புற நேரத்துல, அதை ஒத்தை ஆளா, சூரை மீனால கட்டிப்போட்டு நிறுத்தினவன் நான்தான்!”

அலபாட்டி இதைச் சொன்னபோது பவளப் பாறையில் மேய்ந்துகொண்டிருந்த பன்றி தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி நண்டு தேடப் போய்விட்டது. படகுத்துறையில் நின்ற மனிதர்கள் தலையைக்கூடத் தூக்கவில்லை.

அலபாட்டியின் பேச்சுக்கு, பசிபிக் கடல் நடுவே நியூசிலாந்தின் ஆட்சியில் இருக்கும் டோக்கெலாவின் மூன்று தீவுகளிலும் இருக்கும் மரியாதை அவ்வளவுதான். சின்ன வயதில் சுறாவின் முதுகில் உட்கார்ந்து காயலைக் கடந்து பள்ளிக்கூடம் போனவர் அவர். புயலடித்த அன்று தேவாலயத்துக் கூரை பறந்துவிடாதபடி இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டு விடியும்வரை நின்றவர். அவர் பிடித்த ஒரு சூரையின் ஒரு பக்கக் கன்னத்துச் சதையே ஊர் முழுக்கத் தின்று தீராமல், மறுகன்னத்தை அடுத்த தீவுக்கு அனுப்ப வேண்டியதாகிவிட்டது. எல்லாம் அவரே சொன்னதுதான். சாட்சிகள் ஒவ்வொரு முறையும் சரியாகச் செத்துப்போயிருப்பார்கள்.

“அத்தான், போதும்,” என்றான் பெனேஹே. தன் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தான். கயிறு போட்டுக் கட்டிய பெரிய நீலப் பெட்டி. “அந்தக் கட்டின மீன் இப்ப எங்க? கருவாடு ஆயிடுச்சா?”

“சிரி மச்சான், சிரி. நான் சொல்றது சத்தியம்.”

“சுறா மேல ஏறினதும் சத்தியம்தானே?”

“அது வேற சத்தியம். இது வேற.”

கொஞ்சம் தள்ளி, சீமைப்பலா மரத்து நிழலில் உட்கார்ந்து, தென்னோலையில் கூடை பின்னிக்கொண்டிருந்தாள் லோசா. அலபாட்டியின் மனைவி, பெனேஹேயின் அக்கா. தம்பிக்குக் கப்பலில் சாப்பிடச் சுட்ட மீனும் சீமைப்பலாவும் வைத்துக் கொடுப்பதற்கான கூடை அது. பாறைத் திட்டுக்கு வெளியே கப்பல் வந்து நின்றுவிட்டது. அந்தத் தீவுக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல் தூரத்தில் நிற்கும். தட்டைப் படகு போய் அரிசியையும் சர்க்கரையையும் இறக்கிக்கொண்டு, போகிறவர்களை ஏற்றிவிட்டு வரும். படகு முதல் நடைக்குப் போயிருந்தது. அது அரிசியோடு திரும்பி, அடுத்த நடையில் பெனேஹேயை ஏற்றிக்கொண்டால், அவன் திரும்பி வரப்போவதில்லை. சமோவா போய், அங்கிருந்து விமானத்தில் நியூசிலாந்து. மகள் வீட்டில், கம்பளிக்குள், சாகிறவரை.

லோசாவின் விரல்கள் பின்னிக்கொண்டே இருந்தன. அவை தன்னுடையவைதானா என்று அவளுக்கு அவ்வப்போது சந்தேகம் வந்தது. ஐஸ் பெட்டியில் நெடுநேரம் கைவிட்டு மீன் எடுத்தவள் விரல்போல, தொட்டதைச் சொல்லாத விரல்கள். ஓட்டு எண்ணின நாளிலிருந்து இப்படித்தான். அவளுக்கு மட்டுமில்லை, ஊருக்கே இப்படித்தான். பல் டாக்டர் கப்பலில் வந்து, எல்லோர் வாயிலும் ஊசி போட்டுவிட்டு, பல்லைப் பிடுங்காமலேயே அடுத்த தீவுக்குப் போய்விட்டால் எப்படி இருக்கும்? அப்படி ஒரு ஊர், ஒரு வருஷமாக, கன்னத்தைத் தடவிக்கொண்டு நடமாடியது.

*

ஓட்டுப் பெட்டி அதற்கு முன்பே ஒருமுறை வந்து போயிருந்தது. நியூசிலாந்தின் கையை விட்டுவிட்டு நாமே நம்மை ஆளப்போகிறோமா, ஆமா இல்லையா என்ற ஒரே கேள்வி. பாதிக்கு மேல் பேர் ஆம் என்றுதான் போட்டார்கள். பாதி போதாது, மூன்றில் இரண்டு பங்கு வேண்டும் என்பது விதி. அது கிடைக்கவில்லை. சரி, இன்னொரு தடவை கேட்டுப் பார்க்கலாம் என்று மறு வருஷமே பெட்டி மறுபடி கப்பலேறி வந்தது. உலகத்தில் மற்ற தேசத்துக்காரர்கள் சுதந்திரத்துக்காகத் துப்பாக்கி தூக்கினார்கள், ஜெயிலுக்குப் போனார்கள். டோக்கெலாவில் வெள்ளைக்காரர்களே “எடுத்துக்கங்க, எடுத்துக்கங்க” என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு தீவு தீவாக அலைந்தார்கள். கடைசியாக வந்த தீவு இது.

அந்த ஒரு வருஷமும் அலபாட்டி தூங்கியிருக்கிறாரா என்றே லோசாவுக்குத் தெரியவில்லை. புதுக் கொடியை ஏற்றுகிற வேலை அவருக்கு என்று ஊர்ப் பெரியவர்கள் சபை முடிவு செய்திருந்தது. அதற்காகத் தென்னைநார்க் கயிறு ஒன்று திரித்தார். கொடிக்கம்பம் ஒரு தென்னை உயரம்தான். அவர் திரித்த கயிற்றால் அடுத்த தீவைச் சுற்றிக் கட்டிவிட்டு மீதியில் மாடு மேய்க்கலாம், அவ்வளவு நீளம். தீவில் மாடே கிடையாது என்பது வேறு விஷயம். கொடியைத் தைத்தவள் லோசா. மாதர் சங்கத்துத் தையல் மிஷினில், ஒவ்வொரு நட்சத்திரத்தையும் ஓரம் மடித்துத் தைத்தாள்.

பெனேஹே மட்டும்தான் எதிர்ப்பாட்டு. முப்பது வருஷம் நியூசிலாந்தில் பஸ் ஓட்டிவிட்டு, மனைவி தவறிப்போனபின் ஊர் திரும்பியவன். எதையும் நம்பமாட்டான். கடல் உள்வாங்கும் என்றால், “சொல்றாங்க, பார்ப்போம்” என்பான். ஊர்க் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் எழுந்து கேட்டுவிட்டான்:

“நம்மளே ஆளலாம், சரி. கப்பல் யாரு விடுவா? என் பென்ஷன் எந்தத் தென்னை மரத்துல காய்க்கும்? பேரப்பிள்ளையைப் பார்க்கப் போற பாஸ்போர்ட்டை யாரு அடிப்பா, அலபாட்டி அத்தானா?”

“அதெல்லாம் இப்ப இருக்கிற மாதிரியே இருக்கும்னு எழுதிக் குடுத்திருக்காங்கடா,” என்றார் அலபாட்டி.

“எல்லாம் இருக்கிற மாதிரியே இருக்கும்னா எதுக்கு ஓட்டு? ராணி அம்மா படம்கூடக் காசுல அப்படியேதான் இருக்குமாம். அப்புறம் என்ன கழுதைக்குச் சுதந்திரம்?”

கூட்டம் சிரித்தது. அலபாட்டி சிரிக்கவில்லை. அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் மச்சான் வீட்டு வாசலில் போய் உட்கார்ந்தார். பதநீர்க் குடுவை நடுவில் இருக்கும். இவர் பேசுவார், அவன் மறுப்பான். ஒரு வருஷத்தில் இவர் பேசிய பேச்சை வரிசையாக அடுக்கினால் சமோவாவுக்குப் பாலம் போடலாம். ஓட்டுக்கு முந்தின வாரம் பெனேஹே திடீரென்று மறுப்பதை நிறுத்திவிட்டான். கேட்டுக்கொண்டே இருந்தான், குடித்தான், “சரி அத்தான், நேரமாச்சு” என்று எழுந்து போய்விட்டான். லோசா அதைக் கவனித்தாள். அதற்கு என்ன அர்த்தம் என்று யாரிடமும் கேட்கவில்லை.

*

அலபாட்டியின் நாக்கை ஊர் நம்பாது. கையை நம்பும்.

ஊர்ப் படகுகள் சேர்ந்து பிடித்துவரும் மீனில் யாருக்கும் தனிச் சொத்து இல்லை. மொத்தமும் கரையில் கொட்டப்படும். குடும்பம் குடும்பமாகப் பங்கு பிரிக்கப்படும். கடலுக்குப் போனவனுக்கும், காலொடிந்து வீட்டில் கிடப்பவனுக்கும், நேற்றுப் பிறந்த குழந்தைக்கும் ஒரே அளவு. அந்தப் பங்கைப் பிரிக்கிற ஆள் அலபாட்டி. மணலில் குவியல் குவியலாக அவர் மீனை வைத்துக்கொண்டு போகும் வேகத்துக்கு, கடைசிக் குவியலை வைக்கும்போது முதல் குவியலில் மீன் இன்னும் துள்ளிக்கொண்டிருக்கும். தராசு கிடையாது. இத்தனை வருஷத்தில் ஒரு ஆள்கூட “என் பங்கு குறைச்சல்” என்று சொன்னதில்லை. இதை அலபாட்டி சொல்லி யாரும் கேட்க வேண்டியதில்லை, ஊரே சொல்லும்.

வெளியூர்க்காரர்கள் வந்திருந்தால் அவர்களுக்கும் ஒரு குவியல் உண்டு. அதற்கு ஒரு முறை இருக்கிறது. எல்லாக் குவியலையும் வைத்து முடித்தபின், ஒவ்வொன்றிலிருந்தும் ஒரே ஒரு மீன் எடுத்து விருந்தாளிக் கூடையில் போடுவார். யாருக்கும் வலிக்காது. கூடை நிறைந்துவிடும். கொடுத்தவர்கள் அதைப் பற்றிப் பேசமாட்டார்கள். விருந்தாளிக்குக் கொடுத்ததை வாயால் சொல்வது, கொடுத்ததைத் திரும்பப் பிடுங்குவதற்குச் சமம்.

ஓட்டுப் பெட்டியோடு வந்த விருந்தாளிகளுக்கு முந்தின நாள் மத்தியானம் பெரிய விருந்து. ஓட்டைக் கண்காணிக்க ஐ.நா.விலிருந்து சிலர், நியூசிலாந்துத் தலைநகர் வெல்லிங்டனிலிருந்து சிலர். பெரியவர்கள் சபைத் தலைவர் பேசிய வரவேற்புரை முடிவதற்குள் வெளியே ஒரு தென்னை குரும்பை விட்டுக் காய்த்து இளநீராகிவிட்டது. அப்புறம் வெல்லிங்டனிலிருந்து வந்த அம்மாள் எழுந்தார். நடுத்தர வயது, வெயிலில் தோலுரிந்த மூக்கு. பன்றிக்கறியையும் நண்டையும் வாய் ஓயாமல் புகழ்ந்தார். கடைசியில் சிரித்துக்கொண்டே சொன்னார்: “நாளைக்கு எங்க பக்கம் ஒரு ஓட்டுக்கூட விழாம, நாங்க வெறுங்கையோட வீட்டுக்குப் போனாலும் எங்களுக்குச் சந்தோஷம்தான்.”

எல்லோரும் கை தட்டினார்கள். லோசா இலையில் பரிமாறிக்கொண்டிருந்தவள், தற்செயலாகக் கணவர் முகத்தைப் பார்த்தாள். வாயில் போட்ட சீமைப்பலாவை மெல்லுவதை அவர் நிறுத்தியிருந்தார். மணலில் குவியல் வைக்கும்போது ஒரு பங்கு குறைகிறது என்று கண்ணில் பட்டுவிட்டால் அந்த முகம் வரும்.

“என்னாச்சு, முள்ளா?” என்று கேட்டாள்.

“சீமைப்பலாவுல ஏதுடி முள்ளு,” என்றார். மெல்ல ஆரம்பித்தார்.

மறுநாள் விடிந்ததும் விருந்தாளிகளுக்குச் சாப்பாடு கட்ட லோசா மாதர் சங்கக் கூடத்துக்குப் போய்விட்டாள். போகும்போது அலபாட்டி ஐஸ் பெட்டியிலிருந்த மீன்களை எடுத்து ஓலை நாரில் கோர்த்துக்கொண்டிருந்தார். ஓட்டுப் போடும் நாளில் படகுகள் கடலுக்குப் போகவில்லை, பங்கும் கிடையாது. இவர் எதற்கு மீன் கோர்க்கிறார் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. ஒரு நிமிஷம்தான். கூடத்தில் அடுப்பு புகைந்துகொண்டிருந்தது.

சாயங்காலம் மூன்று தீவின் ஓட்டையும் சேர்த்து அங்கேயே எண்ணினார்கள். ஊர் முழுக்கக் கூடத்தைச் சுற்றி உட்கார்ந்திருந்தது. பெண்கள் ஆடுவதற்குத் தயாராகப் பூச்சூடியிருந்தார்கள். மேளக்காரர்கள் தகரப் பெட்டியையும் குச்சியையும் மடியில் வைத்திருந்தார்கள். அலபாட்டி கொடிக்கம்பத்தடியில் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றார்.

போதவில்லை.

குறைந்த ஓட்டை எண்ண ஒரு ஆளின் கைவிரலும் கால்விரலும் போதும். அறிவித்தவர் காகிதத்தைப் பார்த்தபடியே நின்றார். யாரும் அழவில்லை. யாரும் கத்தவில்லை. மேளக்காரர் ஒருவர் குச்சிகளைச் சட்டைப்பைக்குள் வைத்தார். பெண்கள் பூவைக் கழற்றவும் மறந்து சமைக்கப் போனார்கள். கடல் ஒரு அலை அடித்துவிட்டு அடுத்ததை அடிக்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு நின்றது. லோசா கொடியை எட்டாக மடித்து, அரிசி டின்னில் போட்டு, மூடினாள். அவள் எதிர்பார்த்த வலி வரவில்லை. அது வரும் என்று பல நாள் காத்திருந்தாள். வரவேயில்லை.

வெல்லிங்டன் அம்மாள் போகும்போது அலபாட்டியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவர் கண்தான் கலங்கியிருந்தது, பாவம். தீவில் அன்று அழுத ஒரே ஆள் அந்த விருந்தாளிதான்.

*

“யாரு இல்லைன்னு போட்டது?” என்ற கேள்வியை ஊரில் யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை என்று நினைத்தார்கள். கூட்டத்தில் எழுந்து நின்று பென்ஷனையும் பாஸ்போர்ட்டையும் பற்றிப் பேசிய ஆள் ஒருவன்தானே? அவன் பேச்சைக் கேட்டுத்தான் மற்றவர்களும் மாறியிருப்பார்கள்.

பெனேஹேயை யாரும் திட்டவில்லை. பங்கு நாளில் அவன் குவியல் அச்சுப் பிசகாமல் சரியாக இருக்கும். எடுத்துக் கொடுப்பவர்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதை மட்டும் விட்டுவிட்டார்கள். மீன் வரும். பேச்சு வராது. சீட்டாட உட்கார்ந்தால் அந்த ஆட்டம் முடிந்ததும் எல்லோருக்கும் வேலை வந்துவிடும். தேவாலயத்தில் அவன் உட்காரும் பலகையில் இடம் தாராளமாக இருந்தது. கோபம் என்றால் சண்டை போடலாம். இது கோபம்கூட இல்லை. மரத்துப்போன கன்னத்தைக் கடித்துக்கொண்டால் தெரியாது பாருங்கள், அப்படி அவனைக் கடித்துக்கொண்டிருந்தார்கள்.

அவன் டிக்கெட் எடுத்ததை லோசாவிடம் சொன்னபோது அவள், “எந்தக் கப்பல்?” என்று மட்டும் கேட்டாள்.

போகாதே என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அவன் நின்றுவிடுவான். அதுதான் சிக்கல். அந்தத் தீவுகளில் அக்கா தங்கை கேட்டதை உடன்பிறந்தவன் மறுக்கக் கூடாது. அவள் கேட்டால் பொய்யும் சொல்லக் கூடாது. சின்ன வயதில் ஒருமுறை, கடற்பறவைக் குஞ்சு ஒன்று வேண்டும் என்று கேட்டாள். பெனேஹே உச்சி மரத்தில் ஏறினான், விழுந்தான், முறிந்த கையோடு நல்ல கையில் குஞ்சைக் கொண்டுவந்து நீட்டினான். அந்தக் கை இன்றைக்கும் கொஞ்சம் கோணல். அதற்குப் பிறகு அவள் அவனிடம் எதையும் கேட்டதில்லை. பேசாத ஊரில் அவனைக் கட்டிப்போட்டு உட்கார வைக்க அவளுக்கு மனம் வரவில்லை. மனம் இருக்கிறதா என்பதும் சரியாகத் தெரியவில்லை.

அலபாட்டி அந்தச் செய்தி வந்த நாளிலிருந்து தன் மீன் கதையை ஆரம்பித்துவிட்டார்.

*

தட்டைப் படகு அரிசி மூட்டைகளோடு திரும்பி வந்து கரை தட்டியது. இளைஞர்கள் வரிசையாக நின்று மூட்டைகளைக் கைமாற்றினார்கள். அடுத்த நடை பெனேஹேயினுடையது.

அலபாட்டி துறையின் நடுவில் போய் நின்றார்.

“எல்லாரும் கேளுங்கய்யா! அந்த மூக்கு உரிஞ்ச அம்மா வெறுங்கையோட போறேன்னு சொல்லிச்சா இல்லையா? என் கை பங்கு வெச்ச கரையில இருந்து ஒரு விருந்தாளி வெறுங்கூடையோட போயிருக்கானா? ராத்திரி முழுக்க யோசிச்சேன். காலையில எந்திரிச்சு மீனைக் கோர்த்துக்கிட்டு வீடு வீடாப் போனேன். ‘வீட்டுக்கு ஒண்ணு. ஒரே ஒரு ஓட்டு அவங்க கூடையில போடுங்க’ன்னு சொன்னேன். விருந்தாளிக் கூடைக்கு எடுக்கிற அதே கணக்கு. நம்ம குவியல் எம்மாம் பெருசு, ஒண்ணு எடுத்தா குறைஞ்சா போயிடும்?”

“குறைஞ்சுதே,” என்றான் பெனேஹே.

“மீனுல மூணுல ரெண்டு பங்குங்கிற விதி கிடையாதுடா! பாதிக்கு மேல இருந்தாப் போதும், மலை மாதிரி தெரியும். அன்னைக்குக் காலையில எனக்கு அந்த விதி நினைப்புக்கே வரலை!”

“நம்பற மாதிரி சொல்லுங்க அத்தான். சுதந்திரத்துல இருந்து ஒரு துண்டு வெட்டி, விருந்தாளிக்குப் பொட்டலம் கட்டிக் குடுத்தீங்களா? எந்தக் கிறுக்கனாவது குடுப்பானா?”

“குடுத்தாங்க! தெலோமா! உன் வீட்டுக்கு வந்தேனா இல்லையா? சொல்லுடா.”

தெலோமா அரிசி மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றான். தேவாலயத்தில் கனத்த குரலில் பாடுகிறவன். கப்பலைப் பார்த்தான். அங்கே பார்க்க ஒன்றுமில்லை.

“நீ சொல்லு, லுஹியானோ. வாசல்ல நின்னு மீன் வாங்கினியே. உன் பொண்டாட்டி ‘இன்னைக்கு ஏது மீன்’னு கேட்டாளே.”

லுஹியானோ குனிந்து, அவிழாத செருப்பு வாரை மாட்டினான்.

விருந்தாளிக்குக் கொடுத்ததை வாயால் சொல்லக் கூடாது. தவிர, தான் ஒருவன்தான் கொடுத்ததாக ஒவ்வொருவனும் ஒரு வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறானோ என்னவோ. லோசா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். ஒன்றிலும் எதுவும் எழுதியிருக்கவில்லை. மரத்துப்போன முகத்தில் உண்மைக்கும் பொய்க்கும் ஒரே சாயல்தான்.

“பார்த்தீங்களா,” என்றான் பெனேஹே. “சாட்சி யாரும் சாகலை, எல்லாரும் உசுரோடதான் நிக்கிறாங்க. இருந்தும் உங்க பக்கம் ஒருத்தன் இல்லை. நான்தான் இல்லைன்னு பேசினேன், நான்தான் ஆளுங்களைக் கெடுத்தேன். ஊருக்கே தெரிஞ்ச விஷயம். விடுங்க.”

“உன்மேல பழியைப் போட்டு உன்னை அனுப்பிட்டு நான் சாப்பிட்டுக்கிட்டு இருக்கணுமாடா?”

“சாப்பிடுங்க. என் பங்கும் சேர்த்துச் சாப்பிடுங்க.”

படகோட்டி கை காட்டினான். “பெரியவரே, ஏறுறீங்களா? தண்ணி இறங்குது. அப்புறம் பாறையை வெட்டின வாய்க்கால்ல படகு தட்டும்.”

“இறங்குதாம்,” என்றான் பெனேஹே. “சொல்றாங்க, பார்ப்போம்.” அதற்கு ஒருவரும் சிரிக்கவில்லை. எழுந்து பெட்டியைத் தூக்கினான். அலபாட்டி மறுபக்கம் பிடித்து இழுத்தார். இரண்டு கிழவர்களும் நடுவில் நீலப் பெட்டியுமாக, நண்டு இரண்டு ஒரு தேங்காய்க்குச் சண்டை போடுவதுபோல் கொஞ்ச நேரம் முன்னும் பின்னும் போனார்கள். வேறொரு நாளாக இருந்தால் ஊர் விழுந்து விழுந்து சிரித்திருக்கும்.

“விடுங்க அத்தான்.”

“விடமாட்டேன். நான் செஞ்சதுடா. நான், நான், நான்.”

அப்போது பெனேஹே குரலைத் தாழ்த்தினான். கூடையைக் கொடுக்கப் பக்கத்தில் வந்திருந்த லோசாவுக்கு மட்டும் கேட்டது.

“வாயை மூடுங்க. நீங்க சொல்றதை ஒரு நாள் இவங்க நம்பிட்டா என்ன ஆகும்னு யோசிச்சீங்களா? உங்க நாக்கை யாரும் நம்பலை, கையை நம்புறாங்க. நாளைக்கு மீனை யார் பங்கு வைப்பா?”

லோசாவின் கையில் கூடை அப்படியே நின்றது.

நம்பாதவன் பேசுகிற பேச்சா இது? அலபாட்டியை உலகத்தில் எவனும் நம்பவில்லை என்றால், நம்பிவிடுவார்களோ என்று பயப்படுகிறவனுக்கு என்ன தெரியும்? விரல் நுனியில் ஏதோ குத்தியது. பார்த்தாள். கூடையின் ஓலை விளிம்பு. சின்னக் கீறல், ஒரு சொட்டு ரத்தம். ஒரு வருஷத்துக்கு அப்புறம் அவள் விரல் ஒன்று அவளிடம் எதையோ சொன்னது.

“பெனேஹே,” என்றாள்.

அவன் நின்றான். அந்தக் குரல் அவனுக்குத் தெரியும். கடைசியாக அதைக் கேட்டபோது அவன் கை முறிந்தது.

“அக்கா, வேணாம்,” என்றான். “போகாதேன்னு மட்டும் கேட்டுடாதீங்க.”

“அதைக் கேட்கலை. ஒண்ணே ஒண்ணு கேட்கிறேன்.” துறையில் இருந்த அத்தனை பேரும் இப்போது அவளைத்தான் பார்த்தார்கள். உடன்பிறந்தவனிடம் அக்கா எல்லார் முன்னாலும் கேட்கிறாள். தெலோமா மூட்டையைக் கீழே வைத்தான். “ஓட்டு அன்னைக்குக் காலையில, இந்த மனுஷன் மீனைத் தூக்கிக்கிட்டு உன் வாசலுக்கு வந்தாரா?”

“படகு தட்டும்,” என்றான் படகோட்டி. யாரும் அவனைக் கண்டுகொள்ளவில்லை.

பெனேஹே அலபாட்டியைப் பார்த்தான். அவர் சொல்ல வேண்டியதெல்லாம் சொல்லித் தீர்ந்துபோய், பெட்டியின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, மணலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடல் வாய்க்காலில் மெல்ல இறங்கியது. ஒரு பன்றி படகு நின்ற இடத்துக்குப் பக்கத்தில் முழங்கால் தண்ணீரில் நடந்துபோனது.

பெனேஹே பெட்டியை மணலில் இறக்கினான். கோணல் கையால் முகத்தைத் துடைத்தான்.

“வந்தாரு,” என்றான். “ரெண்டு சூரை குடுத்தாரு. ‘மச்சான், நீ எப்படியும் இல்லைன்னுதான் போடப் போறே, உன்கிட்ட என்ன கேக்க’ன்னு திரும்பிப் போகப் பார்த்தாரு. நான்தான் நிக்கச் சொல்லி என்ன விஷயம்னு கேட்டேன். அக்கா, நான் ஆம்னு போடத்தான் சட்டை மாட்டிக்கிட்டு நின்னேன். ஒரு வருஷம் இவர் பேசினதுல எப்பவோ மாறிட்டேன், வெட்கத்துல சொல்லலை. விருந்தாளிக் கூடைன்னு சொன்னாரா, வீட்டுல என் ஓட்டு ஒண்ணுதானே இருக்கு? அதை எடுத்துக் குடுத்துட்டேன்.”

தெலோமா தான் இறக்கிவைத்த மூட்டையின் மேல் உட்கார்ந்தான்.

“இந்த மனுஷன் சொன்னதுல இதுவரைக்கும் நான் எதையும் நம்பினதில்லை, இனியும் நம்பப் போறதில்லை,” என்றான் பெனேஹே. “ஆனா இது நடந்துச்சு.”